வைட்டிலாச் சந்திப்பும் முதிர்ந்த குரலும்



பிழைப்பைத் தேடிக் கொச்சிக்கு வந்த தமிழர் எவரும் வைட்டிலாவை மிதிக்காமல் இருந்திருக்க முடியாது. புறவழி நெடுஞ்சாலையும், எர்ணாகுளத்திலிருந்து வரும் சகோதரன் ஐயப்பன் சாலையும், திருப்பூணித்துறைக்குப் போகும் சாலையும், தம்மனம் சாலையும் கூடுகிற இடம் அது. 2011-ஆம் ஆண்டு இங்கே பெரிய பேருந்து வளாகம் திறக்கப்பட்டது. 2019-இல் மெட்ரோ ரயில் வந்து சேர்ந்தது. 2021 ஜனவரியில் மேம்பாலம் திறக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் இங்கிருந்து காக்கநாட்டுக்கு வாட்டர் மெட்ரோப் படகு ஓடத் தொடங்கியது. சாலையும் தண்டவாளமும் நீர்வழியும் ஏறக்குறைய ஒரே முற்றத்தில் சந்திக்கின்றன.

ஊரிலிருந்து வருகிற தாய் தகப்பன்மாரை நம்மில் பலர் வரவேற்பது இந்த வளாகத்தில்தான். முறுக்கு டப்பாவும், துணிப்பையும், பழுப்பேறிய வேதாகமமும், அட்டை கிழிந்த பாட்டுப் புத்தகமுமாக அவர்கள் இறங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களை நம்முடைய சபைக்கு அழைத்துப் போகிறோம். அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? திரையில் பாட்டின் வரிகள் வேகமாய் ஓடுகின்றன. டிரம்ஸும் கீபோர்டும் முழங்குகின்றன. சுருதி இளைஞரின் தொண்டைக்கு ஏற்றபடி உயர்ந்திருக்கிறது. ஊர்ச் சபையில் முன்வரிசையில் அமர்ந்து பாட்டை எடுத்துக் கொடுத்த தாயார், இங்கே கடைசி வரிசையில் கைகளைத் தட்டிக்கொண்டு மௌனமாய் நிற்கிறார்கள். யாரும் அவர்களைப் பாடவேண்டாம் என்று தடுக்கவில்லை. பாடுங்கள் என்று கேட்கவுமில்லை.

இந்த மௌனத்தைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். அதற்காக வைட்டிலாவிலிருந்து சற்றுத் தூரம் போய்வர வேண்டியிருக்கிறது. பொறுமையோடு கூட வாருங்கள்.

ரதத்தில் ஏறிய பாட்டு

வைட்டிலாவில் வடக்கே போகும் பேருந்தில் ஏறினால் திருச்சூர். அங்கிருந்து இன்னும் சிறிது தூரம் போனால் குன்னங்குளம். இந்த வட்டாரத்தில்தான் நாகல் என்ற ஜெர்மானிய மிஷனரி ஊழியம் செய்தார். முழுப்பெயர் வோல்பிரெக்ட் நாகல். 1867-இல் பிறந்தவர், 1893-இல் பாசல் மிஷன் மூலமாய்க் கண்ணூருக்கு வந்தவர். சில ஆண்டுகளில் அந்த மிஷனை விட்டுத் தனியே ஊழியம் செய்யப் புறப்பட்டார். திருச்சூர் நெல்லிக்குன்னில் ரெகொபோத் என்னும் அனாதை இல்லத்தை நிறுவினார். மலையாளத்தைக் கற்றுத் தேர்ந்து, அம்மொழியிலேயே ஞானப்பாட்டுகளை எழுதினார். 1914-இல் ஜெர்மனிக்குப் போனவர் உலகப்போரினால் திரும்பி வர இயலாமல், 1921-இல் அங்கேயே காலமானார்.

அவர் எழுதியவற்றுள் 'சமயமாம் ரதத்தில்' என்ற பாட்டை அறியாத கேரளக் கிறிஸ்தவர் இல்லை. காலத்தை ஒரு ரதமாகவும், விசுவாசியை அதில் ஏறிப் பரம தேசத்துக்குப் போகும் பயணியாகவும் வைத்து அவர் அதைப் பாடினார். கேரளத்தில் அடக்க ஆராதனைக்குப் போயிருப்பீர்களானால் நிச்சயமாய் அதைக் கேட்டிருப்பீர்கள். 1970-இல் வெளியான 'அரநாழிகநேரம்' என்ற மலையாளத் திரைப்படத்திலும் அந்தப் பாட்டு ஒலித்தது.

அந்தப் பாட்டின் மெட்டு எங்கிருந்து வந்தது தெரியுமா? 'கிளமென்டைன்' என்ற அமெரிக்க நாட்டுப்பாடலின் மெட்டு அது. தங்கம் தோண்டப் போன ஒருவனுடைய மகள் நீரில் மூழ்கி இறந்ததைப் பாடுகிற பாட்டு. அமெரிக்காவின் சாதாரண ஜனங்கள் பாடிய மெட்டு, ஒரு ஜெர்மானியரின் கையால் மலையாளச் சொற்களைத் தாங்கி, இன்று நம் கண்ணெதிரே கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடந்து வருகிறது. நாட்டுப்புற மெட்டும் சுவிசேஷப் பாட்டும் ஒரே குடும்பம் என்பதற்கு இதைவிட அருகில் ஓர் அத்தாட்சி வேண்டியதில்லை.

அமெரிக்காவில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த இசையைக் 'கன்ட்ரி' என்றும் 'காஸ்பல்' என்றும் அழைக்கிறார்கள். ஒன்று வயலிலும் வீட்டுத் திண்ணையிலும் பாடப்படுவது. மற்றது ஆலயத்தில் பாடப்படுவது. பாடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்களே. அவர்களில் ஒருவர் தம்முடைய கடைசிப் பத்தாண்டுகளில் பதிவு செய்து வைத்த பாட்டுகள்தான், நம் சபையின் கடைசி வரிசையைப் பற்றி என்னைச் சிந்திக்க வைத்தவை. அவர் பெயர் ஜானி கேஷ்.

பருத்திக் காட்டுப் பிள்ளை

ஜானி கேஷ் 1932 பிப்ரவரி 26 அன்று ஆர்கன்சா மாநிலத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். 1935-இல், ஏழை விவசாயிகளுக்காக அரசாங்கம் ஏற்படுத்திய டைஸ் என்ற குடியேற்றத்துக்கு அந்தக் குடும்பம் போனது. ஆகவே அவர்களும் நம்மைப் போலப் பிழைப்புக்காக இடம் பெயர்ந்தவர்களே. இருபது ஏக்கர் நிலம், பருத்தி விவசாயம். பருத்தி பறிக்கும்போது தாயார் கேரி பாட்டு எடுத்துக் கொடுக்க, பிள்ளைகள் பின்பாடுவார்கள். 1944-இல் அண்ணன் ஜாக் மரம் அறுக்கும் இயந்திரத்தில் சிக்கி மரித்தான். ஊழியனாக வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்த பிள்ளை அவன். அந்தத் துக்கம் ஜானியை ஆயுள் முழுதும் விடவில்லை.

1955-இல் மெம்ஃபிஸ் நகரில் சன் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் அவர் பாடத் தொடங்கினார். ஞானப்பாட்டுகளைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அது விற்காது என்பது நிறுவனத்தாரின் கணக்கு. பிறகு கொலம்பியா நிறுவனத்துக்கு மாறி, 1959-இல் ஞானப்பாட்டுகளுக்கென்றே ஒரு தொகுப்பை வெளியிட்டார். புகழ் வந்தது, அதோடு போதை மாத்திரைகளும் வந்தன. 1968-இல் கலிபோர்னியாவின் ஃபோல்சம் சிறையில் கைதிகளுக்கு முன்பாக அவர் பாடிய பதிவு உலகெங்கும் பேசப்பட்டது. 1971-இல் நாஷ்வில் நகரிலுள்ள எவாஞ்சல் டெம்பிள் என்ற அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையில் அழைப்பு கொடுக்கப்பட்டபோது, எழுந்து முன்னே போய்த் தம்மை ஒப்புக்கொடுத்தார். 1973-இல் இயேசுவின் வாழ்க்கையைப் பற்றிய ஒரு திரைப்படத்தைத் தம் சொந்தப் பணத்தில் வெளியிட்டார். பில்லி கிரகாமின் கூட்டங்களிலும் பாடினார்.

அவரைப் பரிசுத்தவானாகக் காட்டுவதற்காக இவற்றை எழுதவில்லை. அதற்குப் பிறகும் அவர் போதையில் விழுந்து எழுந்தார். கொலையையும் குடியையும் பாடும் பாட்டுகளையும் கடைசிவரை பாடினார். எல்லாப் பாட்டுகளையும் நம் வீட்டில் ஒலிக்கவிட வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் அவருடைய முதுமையில் நடந்தது நாம் அறியவேண்டிய ஒன்று.

தள்ளப்பட்ட பின்பு

1986-இல் கொலம்பியா நிறுவனம் அவரைக் கைவிட்டது. ஏறக்குறைய 28 ஆண்டுகள் அவர் பாடிக்கொடுத்த நிறுவனம் அது. வானொலி நிலையங்கள் இளைஞர்களின் பாட்டுகளையே கேட்டன. வேறொரு நிறுவனத்தில் செய்த பதிவுகளும் கவனிக்கப்படவில்லை. அவருடைய காலம் முடிந்தது என்றே இசை வியாபாரிகள் நினைத்தார்கள்.

1993-இல் ரிக் ரூபின் என்ற தயாரிப்பாளர் அவரிடம் வந்தார். வயதில் முப்பது ஆண்டுகள் இளையவர். வேறு வகை இசைக்குப் பேர்போனவர். அவர் கேஷை அழைத்துப்போய்த் தம் வீட்டு முன்னறையில் உட்கார வைத்து, கையில் கிதாரைக் கொடுத்து, உங்களுக்குப் பிடித்த பாட்டுகளைப் பாடுங்கள் என்றார். வாத்தியக் குழுவும் இல்லை, பின்பாடகரும் இல்லை. ஒரு குரலும் ஒரு கிதாரும் மாத்திரமே. அப்படிப் பதிவானவற்றையும், டென்னசியில் கேஷின் தோட்டத்திலிருந்த மரக் குடிலில் பதிவானவற்றையும் சேர்த்து 1994-இல் 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' என்ற தொகுப்பு வெளிவந்தது. அதற்கு கிராமி விருது கிடைத்தது. தொகுப்பு வெளிவந்தபோது கேஷுக்கு வயது 62.

அதைத் தொடர்ந்து 1996, 2000, 2002 ஆகிய ஆண்டுகளில் மேலும் மூன்று தொகுப்புகள் வந்தன. இதற்கிடையில் 1997-இல் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நோய் இருப்பதாக மருத்துவர்கள் கண்டார்கள். நிமோனியாக் காய்ச்சல் மீண்டும் மீண்டும் வந்தது. நீரிழிவும் சேர்ந்து கண்பார்வையை மங்கச் செய்தது. சுவர் அதிரப் பாடிய அந்தக் கனத்த குரல் நடுங்கத் தொடங்கியது.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். நடுங்கும் குரலை எதிரொலியாலும் வாத்தியத்தாலும் மூடி மறைப்பது பதிவுக்கூடத்தாருக்கு எளிது. அந்தத் தொகுப்புகளில் அப்படிச் செய்யவில்லை. மூச்சு வாங்குவது கேட்கிறது. நீட்டவேண்டிய சுரம் பாதியில் உடைகிறது. அந்த உடைவே பாட்டுக்குப் பொருள் தருகிறது. இருபது வயதுப் பாடகன் மரணத்தைப் பற்றிப் பாடினால் அது பாட்டு. எழுபது வயதில், சக்கர நாற்காலியில் அமர்ந்து ஒருவர் பாடினால் அது சாட்சி.

2002-இல் வந்த தொகுப்பின் தலைப்புப் பாட்டை அவரே எழுதினார். ஒரு கனவில் கேட்ட வார்த்தை யோபின் புத்தகத்திலிருந்து வந்தது போலிருக்க, வேதத்தைத் தேடி வாசித்து, வெளிப்படுத்தின விசேஷத்தின் காட்சிகளைக் கொண்டு, பக்கம் பக்கமாய் எழுதி அடித்து அதை உருவாக்கினார். கர்த்தரின் வருகையைப் பற்றிய பாட்டு அது.

தாயின் பாட்டுப் புத்தகம்

2003 மே 15 அன்று அவருடைய மனைவி ஜூன் கார்ட்டர் காலமானார். இனி கேஷ் பாடமாட்டார் என்று பலர் எண்ணினார்கள். அவரோ வேலை வேண்டும் என்று கேட்டார். பதிவாளரையும் கிதார் வாசிப்பவரையும் ஆயத்தமாய் வைத்தார்கள். உடலில் பெலன் உள்ள நாளில் அழைப்பார், சிறிது நேரம் பாடுவார், களைத்தால் நிறுத்துவார். ஆகஸ்ட் மாதம் வரை இப்படி நடந்தது. செப்டம்பர் 12 அன்று அவரும் கடந்துபோனார். வயது 71.

அவர் மறைந்த பின்பு வந்த பதிவுகளில் மூன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலாவது, 2004-இல் தனியாக வெளியான 'மை மதர்ஸ் ஹிம் புக்', அதாவது 'என் தாயின் பாட்டுப் புத்தகம்'. கேரி அம்மையார் வைத்திருந்த பழைய புத்தகத்திலுள்ள ஞானப்பாட்டுகளைத் தனியொரு கிதாரோடு பாடியிருக்கிறார். உலகப் புகழ்பெற்ற அத்தனை தொகுப்புகளுக்கும் மேலாக இதையே தமக்கு மிகவும் பிரியமானது என்று சொன்னார். பருத்திக் காட்டில் தாய் எடுத்துக் கொடுத்த பாட்டுகளை அறுபது ஆண்டுகள் கழித்துப் பிள்ளை திருப்பிப் பாடியது அது.

இரண்டாவது, 2006-இல் வந்த ஐந்தாம் தொகுப்பு. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது முதலிடம் பெற்றது. 1969-க்குப் பிறகு அவருக்கு அந்த இடம் கிடைத்தது அப்போதுதான். அவர் கடைசியாக எழுதிய 'லைக் தி 309' என்ற பாட்டு அதில் இருக்கிறது. தம் சவப்பெட்டியை ஏற்றிக்கொண்டு போகப்போகிற ரயிலைப் பற்றிய பாட்டு. தம்முடைய மூச்சிரைப்பையே அதில் கேலி செய்கிறார். 1955-இல் வெளியான அவருடைய முதல் இசைத்தட்டிலும் ஒரு ரயில் பாட்டு இருந்தது: சொந்த ஊருக்குத் திரும்பும் ஒருவன், ஊர் எப்போது வரும் என்று ரயில் பணியாளரைக் கேட்டுக்கொண்டே போகும் பாட்டு. முதலும் ரயில், முடிவும் ரயில். நாகல் ஐயா ரதம் என்றதைத்தான் இவர் ரயில் என்றார். விடுமுறைக்கு ஊருக்குப் போகப் பேருந்து வருமா என்று வைட்டிலாவில் காத்து நிற்கும் நமக்கு இந்த இரண்டு பாட்டும் புரியாமலா போகும்?

மூன்றாவது, 2010-இல் வந்த ஆறாம் தொகுப்பு. கல்லறை தன்னைப் பிடித்து வைக்க முடியாது என்று முழங்கும் அதன் தலைப்புப் பாட்டை எழுதியவர் க்ளாட் ஈலி என்ற பெந்தெகொஸ்தே பிரசங்கியார். 1934-இல், 12 வயதுச் சிறுவனாய்க் காசநோயில் படுத்திருந்தபோது அவர் அதை இயற்றினார் என்பது வரலாறு. மலைநாட்டுச் சிறுவன் ஒருவன் மரணப் படுக்கையில் இயற்றியதை, எழுபது ஆண்டு கழித்து மரணத்தை நெருங்கிய முதியவர் பாடிவிட்டுப் போனார். அதே தொகுப்பில், 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்தின் வசனம் ஒன்றையே தலைப்பாகக் கொண்டு கேஷ் எழுதிய பாட்டும் உண்டு. மரணத்தின் கூரைப் பார்த்துப் பவுல் கேட்ட கேள்வி அது.

கொச்சியின் முதிய குரல்

இது அமெரிக்காவுக்கு மாத்திரம் உரியதென்று நினைக்கவேண்டாம். வைட்டிலாவுக்கு மேற்கே, காயலுக்கு அப்பால் மட்டாஞ்சேரியும் கோட்டைக் கொச்சியும் இருக்கின்றன. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் வாட்டர் மெட்ரோ வந்தது. வைட்டிலாவிலிருந்து மெட்ரோ ரயிலில் எர்ணாகுளத்துக்குப் போய், உயர்நீதிமன்றப் படகுத்துறையில் படகேறினால் காயலைக் கடந்துவிடலாம். டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்க அழைத்து வரப்பட்ட தமிழரின் வழிவந்தவர்கள் கோட்டைக் கொச்சியின் வெளி மைதானத்தருகே இன்றும் அந்தத் தொழிலைச் செய்கிறார்கள். நமக்கு முன்பே வந்த நம்மவர்கள்.

அந்தக் கோட்டைக் கொச்சியில்தான் 1940 ஜனவரி 10 அன்று கே. ஜே. யேசுதாஸ் பிறந்தார். தகப்பனார் அகஸ்டின் ஜோசப் நாடகக் கலைஞர், பாடகர். பிள்ளைக்கு முதல் ஆசானும் அவரே. வைட்டிலாவுக்கு அடுத்துள்ள திருப்பூணித்துறை இசைக் கல்லூரியில் யேசுதாஸ் பயின்றார். 1961-இல் முதல் திரைப்பாட்டைப் பதிவு செய்தார். 2018-இல், தம் 78-ஆம் வயதில், ஒரு மலையாளத் திரைப்பாட்டுக்காக எட்டாவது முறையாகத் தேசிய விருது பெற்றார். ஏழாவது விருதுக்கும் எட்டாவதுக்கும் இடையில் ஏறக்குறைய கால் நூற்றாண்டு. அவருடைய இசைவழி வேறு, கேஷின் வழி வேறு. ஆயினும் முதிர்ந்த குரலுக்குச் செவிகொடுக்க ஆள் இருந்தால் அது பாடும் என்பதை இருவரும் காட்டுகிறார்கள்.

கடைசி வரிசைக்குப் போவோம்

பிரியமானவர்களே, இப்போது உங்கள் தாயாரிடம் வருவோம். அவர்களுக்கு கிராமியும் வேண்டாம், தேசிய விருதும் வேண்டாம். அவர்கள் மனதுக்குள் எத்தனை பாட்டுகள் இருக்கின்றன என்று எப்போதாவது எண்ணிப் பார்த்தீர்களா? உபவாசக் கூட்டங்களிலும், தெருப் பிரசங்கங்களிலும், முழு இரவு ஜெபங்களிலும் கற்றவை. அவற்றில் பல எந்தப் புத்தகத்திலும் அச்சேறவில்லை. அச்சேறியவற்றுக்கும் உங்கள் ஊரில் பாடிய மெட்டு வேறாக இருக்கும். அந்த மெட்டு இன்று அவர்களுடைய தொண்டையில் மாத்திரமே இருக்கிறது. அவர்கள் போனால் அதுவும் போகும்.

ரிக் ரூபின் செய்ததை நீங்களும் செய்யலாம். பெரிய கருவி வேண்டியதில்லை, கைபேசி போதும். மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்துங்கள். தாயாரை அவர்களுக்குப் பழக்கமான நாற்காலியில் உட்கார வைத்து, கைபேசியை ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். நீங்கள் பாட்டைத் தெரிந்தெடுக்காதீர்கள், அவர்கள் தெரிந்தெடுக்கட்டும். சுருதியையும் அவர்களே எடுக்கட்டும். வரி மறந்தால் காத்திருங்கள். இருமினால் அழிக்காதீர்கள். ஒரு நாளில் இரண்டு பாட்டுப் போதும். பாடி முடித்த பின்பு, இதை யாரிடம் கற்றீர்கள், எந்தத் துன்பத்தில் பாடினீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பதிலையும் பதிவு செய்யுங்கள். சில வேளை பாட்டைவிட அது பெரிதாயிருக்கும். பிறகு அதைச் சகோதர சகோதரிகளுக்கும் அனுப்பி வையுங்கள். ஒரே கைபேசியில் இருப்பது பத்திரமல்ல.

சபைகளில் பாடல் ஊழியத்தை நடத்தும் வாலிபச் சகோதரருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வாத்தியங்களைக் குறை சொல்லவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரே ஒரு பாட்டுக்கு அவற்றை அமைதியாக வையுங்கள். முதியவர் ஒருவரை அழைத்து, அவருடைய சுருதியில் பாட்டை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். நடுங்கினால் நடுங்கட்டும். சபையார் பின்பாடும்போது அந்த நடுக்கத்தை அவர்கள் தாங்கிக்கொள்வார்கள். உங்கள் பிள்ளைகள் அன்று ஒரு பாட்டை மாத்திரமல்ல, ஒரு வாழ்நாளையும் கற்பார்கள்.

71-ஆம் சங்கீதத்தில் பக்தன், முதிர்வயதில் தன்னைத் தள்ளிவிட வேண்டாம் என்று கர்த்தரிடம் மன்றாடுகிறான்; அடுத்த தலைமுறைக்குச் சொல்லவேண்டியது தன்னிடம் இன்னும் இருக்கிறது என்பதே அவன் காட்டும் காரணம். கர்த்தர் அவர்களைத் தள்ளுவதில்லை. தள்ளுவது நாம்தான், அதுவும் வெறுப்பினால் அல்ல, அவசரத்தினால்.

ஆகையால், அடுத்த முறை வைட்டிலாவில் உங்கள் தாயாரை வரவேற்கும்போது, பையை வாங்கிக்கொண்டு, அந்தக் கிழிந்த பாட்டுப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பிப் போக அவர்கள் பேருந்து ஏறுவதற்கு முன்பாக, அதிலிருந்து ஒரு பாட்டையாவது பாட வைத்து விடுங்கள்.

கர்த்தர் உங்கள் வீட்டின் முதியோரை இன்னும் அநேக நாள் பாடும்படி பெலப்படுத்துவாராக.